மாணவ ஆட்டக்காரர்: ஒரு சொல்லும் ஒரு சிறு கல்லூரியும்

2009ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் நடைபெற்ற சென்னை ஓப்பன் போட்டி நம்முள் பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் ஒற்றையர் இறுதியாட்டம் வரை முன்னேறி, குரோஷிய நாட்டு மாரின் சிலிச்சிடம் தோற்றார். பேச்செல்லாம் அவரைப் பற்றியதாகவே இருந்தது, அஃது இயல்பே. அதே போட்டியில் இரட்டையர் பட்டத்தை வென்றவர்கள் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. ராஜீவ் ராம், எரிக் புடோராக் என்னும் அமெரிக்கர் இருவர் அவ்விணையர். இறுதியாட்டத்தில் அவர்களிடம் தோற்ற இணையில் ஒருவர், பின்னாளில் மூன்று கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்ற ஸ்டான் வாவ்ரிங்கா.

இம்மூவரையும் இணைக்கும் செய்தி ஒன்றுண்டு. சோம்தேவ், ராம், புடோராக் ஆகிய மூவருமே அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் வழியாக வந்தவர்கள். சோம்தேவ் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவராக 2007, 2008 ஆகிய இரண்டாண்டுகளிலும் அந்நாட்டுக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றவர். ராம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சார்பில் 2003இல் இரட்டையர் பட்டம் பெற்றவர். இவ்விரண்டும் பல்லாயிரம் மாணவர் பயிலும் பெரும் பல்கலைக்கழகங்கள். புடோராக்கும் அதே 2003இல் ஒற்றையர், இரட்டையர் ஆகிய இரு பட்டங்களையும் வென்றார். ஆனால் அவர் வென்றது மூன்றாம் பிரிவில். அவர் பயின்றது ஏறத்தாழ 2500 மாணவரே கொண்ட கஸ்டாவஸ் அடால்ஃபஸ் கல்லூரியில். விளையாட்டுக்கென்று ஒரு காசும் உதவித்தொகை வழங்காத கல்லூரி அது.

அத்தகைய சிறு கல்லூரியில் டென்னிஸ் எவ்வாறு நடந்தது, அங்கு ஆடிய மாணவர் எத்தகையவர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் டென்னிசுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சொல்லின் பொருளைத் தேடிச் சென்றதனால்தான் நான் இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன் என்பதே என் விடை.

சொல்லின் பிறப்பு

கல்லூரியில் படித்துக்கொண்டே விளையாடுவோரை அமெரிக்கர் ‘ஸ்டூடன்ட் அத்லெட்’ என்பர். தமிழில் இதனை ‘மாணவ ஆட்டக்காரர்’ எனலாம். கேட்பதற்கு இனிய சொல். ஆனால் அதன் பிறப்பு அவ்வளவு இனியதன்று. அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பின் முதல் நிருவாக இயக்குநராக 1951 முதல் 1987 வரை இருந்தவர் வால்ட்டர் பையர்ஸ். களத்தில் காயமுற்ற கால்பந்து மாணவர்கள், தாங்கள் கல்லூரியின் ஊழியர் என்றும், ஊழியருக்குரிய இழப்பீடு தங்களுக்கும் வேண்டும் என்றும் 1950களில் வழக்காடத் தொடங்கினர். அவ்வழக்குகளை எதிர்கொள்வதற்காகவே இச்சொல் ஆக்கப்பட்டு எங்கும் புகுத்தப்பட்டது என்பதனைப் பையர்ஸே 1995இல் வெளியிட்ட தம் நூலில் ஒப்புக்கொண்டுள்ளார். ‘இவர் ஊழியர் அல்லர், மாணவர்’ என்று வழக்கு மன்றத்தில் சொல்வதற்காகப் பிறந்த சொல் அது.

இலக்கணம் பயிலும் நம் மாணவர்க்கு இங்கொரு வினா எழவேண்டும். மாணவ ஆட்டக்காரர் என்னும் தொகையை எவ்வாறு விரிப்பது? ‘மாணவரும் ஆட்டக்காரரும்’ என்று உம்மை கொடுத்து விரித்தால் அது உம்மைத்தொகை. அங்கு இருவர் உளர். ‘மாணவராகிய ஆட்டக்காரர்’ என்று விரித்தால் அது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. அங்கு இருப்பவர் ஒருவரே. பெரும்பணம் புழங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் இச்சொல் நெடுங்காலம் உம்மைத்தொகையாகவே இருந்து வந்தது என்பது என் கருத்து. வகுப்பில் பெயர் பதிந்த ஒருவர், களத்தில் பல்கலைக்கழகத்திற்குப் பொருளீட்டித் தந்த வேறொருவர், இருவருக்கும் ஒரே உடல். 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வழக்கு மன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, முதற்பிரிவுக் கல்லூரிகள் தம் ஆட்டக்காரர்க்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றாகிவிட்டது. எழுபது ஆண்டுகள் மூடி வைத்த உம்மை வெளிப்பட்டுவிட்டது எனலாம்.

அப்படியாயின் இச்சொல் பண்புத்தொகையாக வழங்கும் இடம் எங்கேனும் உண்டா?

மூன்றாம் பிரிவு

என்.சி.ஏ.ஏ. 1973இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக்கியது. மூன்றாம் பிரிவில் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. எண்ணிக்கையில் அதுவே பெரிது. அதன் அடிப்படை விதி எளியது. விளையாட்டுத் திறமையைக் காரணமாகக் கொண்டு எந்த மாணவருக்கும் உதவித்தொகை வழங்குதல் கூடாது. குடும்பத்தின் வறுமை கருதி வழங்கலாம். படிப்புத் திறமை கருதி வழங்கலாம். மட்டை பிடிக்கும் திறமைக்கு விலை இல்லை. முதற்பிரிவிலோ ஆடவர் டென்னிஸ் அணி ஒன்றிற்கு நான்கரை முழு உதவித்தொகை என்னும் வரம்பு 2025 வரை இருந்தது. அதனை எட்டுப் பத்துப் பேருக்குப் பயிற்றுநர் பங்கிட்டுத் தருவது வழக்கம்.

இவ்விதியின் பயன் யாதெனில், மூன்றாம் பிரிவு மாணவர் ஆட்டத்தைக் கைவிட்டாலும் படிப்புக்கான உதவியை இழப்பதில்லை. காயமுற்றாலும் இல்லை, பயிற்றுநரோடு முரண்பட்டாலும் இல்லை. ஆடுவது அவர் விருப்பம் மட்டுமே. இதற்கு மறுபுறமும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. தனியார் கல்லூரிகளின் கட்டணம் அங்கு மிக அதிகம். டென்னிஸ் இளமை முதலே செலவு பிடிக்கும் ஆட்டம். ஆதலின் ஏழை வீட்டுப் பிள்ளை அங்கு வந்து சேர்வது எளிதன்று. விதி தூய்மையானதாக இருப்பதனாலேயே வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று கொள்ளலாகாது.

கல்லூரியும் பயிற்றுநரும்

மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், மின்னசோட்டா ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் செயின்ட் பீட்டர். சுவீடன் நாட்டிலிருந்து குடியேறிய லூத்தரன் கிறித்தவர்கள் 1862இல் தொடங்கிய கல்லூரி 1876இல் இவ்வூருக்கு வந்தது. சுவீடன் மன்னர் ஒருவரின் பெயரே கல்லூரியின் பெயராயிற்று. புலம் பெயர்ந்து வந்த ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் கல்விக்காகத் தானே முயன்று நிறுவிய கல்லூரி என்பதை நம் சமூகப் பெரியவர்கள் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன். குளிர்காலத்தில் அங்குத் தரையெல்லாம் பனி. வெளிக்களத்தில் ஆடக்கூடிய மாதங்கள் சிலவே. டென்னிசுக்கு இதைவிடப் பொருந்தாத ஊர் கிடைப்பது அரிது.

இங்கு 1971 முதல் 2009 வரை 39 பருவங்கள் ஆடவர் அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் ஸ்டீவ் வில்கின்சன். சமயவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் அணி 929 போட்டிகளில் வென்றது; 279இல் தோற்றது. ஓய்வு பெற்றபோது, அமெரிக்கக் கல்லூரி ஆடவர் டென்னிஸ் வரலாற்றில் அவரினும் மிகுதியான வெற்றி கண்ட பயிற்றுநர் எந்தப் பிரிவிலும் இல்லை. 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டம் அவர் அணிக்குக் கிடைத்தது. அக்கல்லூரியின் மகளிர் அணியும் 1990இல் அப்பட்டத்தை வென்றுள்ளது.

இத்துணை வெற்றி பெற்றவர் தம் மாணவரிடம் வெற்றியைக் குறிக்கோளாக வைக்கக்கூடாது என்றே கற்பித்து வந்தார் என்பதுதான் வியப்பு. சுவீடன் நாட்டின் சின்னம் மூன்று முடிகள். அதனையே தம் பாடத்திற்கு அவர் உருவகமாக்கிக் கொண்டார். நல்ல மனப்பாங்கு ஒரு முடி. முழு முயற்சி ஒரு முடி. பண்பட்ட ஆட்டநெறி ஒரு முடி. இம்மூன்றும் ஆடுபவன் கையில் உள்ளவை. காற்று, வெயில், எதிராளியின் திறமை, வலையின் மேல்விளிம்பில் பட்டுத் தயங்கும் பந்து எப்பக்கம் விழும் என்பது, இறுதியாக வெற்றி தோல்வி: இவை அவன் கையில் இல்லாதவை. கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் தெளிவை வேண்டும் ஒரு கிறித்தவ இறைஞ்சலிலிருந்து அவர் இக்கருத்தைப் பெற்றார். முயற்சி நம்முடையது, முடிவு இறைவனுடையது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ‘தவக்குல்’ என்னும் சொல்லால் உணர்த்துவது இதற்கு வெகுதொலைவில் இல்லை. 1977இல் அவரும் அவர் மனைவியும் அக்கல்லூரி வளாகத்தில் கோடைக்கால டென்னிஸ் முகாம் ஒன்றைத் தொடங்கினர். மட்டை பிடிக்கக் கற்பதோடு இம்மூன்று முடிகளும் அங்குப் பாடமாயின. முகாமின் பெயரிலேயே டென்னிசுடன் ‘வாழ்க்கை’ என்னும் சொல்லும் சேர்ந்திருந்தது.

இவ்விடத்தில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுகளுக்கு முன்னர், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குச் சென்று திரும்பிய மாணவன் ஒருவன், தான் வராத நாட்களில் நடந்த பாடத்தைக் கேட்டு என் அறைக்கு வந்தான். நான் கேட்ட முதற்கேள்வி, “ஜெயித்தாயா?” என்பது. “இல்லை சார், முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம்” என்றான். “அதற்கா ஒரு வாரம் வகுப்பை விட்டாய்?” என்றேன். அவன் பாடக்குறிப்பை வாங்காமலே போய்விட்டான். வில்கின்சனைப் பற்றிப் படித்தபோதுதான், அம்மாணவன் கையில் இல்லாத ஒன்றையே நான் அவனிடம் கேட்டேன் என்பது புரிந்தது. கையில் இருந்ததைப் பற்றி, அதாவது தவறிய பாடத்தைத் தேடி அவனாகவே வந்ததைப் பற்றி, ஒரு சொல் சொல்லவில்லை.

கோட்டின் மேல் விழுந்த பந்து

மூன்று முடிகளுள் கடினமானது மூன்றாவது. அதன் காரணத்தை அறிய, கல்லூரி டென்னிசில் தீர்ப்பு எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். நாம் தொலைக்காட்சியில் காணும் பெரும்போட்டிகளில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்ல நடுவரோ கருவியோ உண்டு. பெரும்பாலான கல்லூரிப் போட்டிகளில் அத்தகைய வசதி இல்லை. பல களங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். ஒன்றிரண்டு நடுவர்கள் சுற்றி வருவர். ஆதலின் தன் பக்கத்தில் விழும் பந்துக்குத் தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். வாதியே நீதிபதியாக அமரும் விந்தையான மன்றம் அது!

இதற்கென அமெரிக்க டென்னிசில் எழுதப்பட்ட நெறிமுறை ஒன்றுண்டு. அதன் நுட்பங்கள் எண்ணி மகிழத்தக்கவை. கோட்டின் வெளிவிளிம்பைப் பந்து சற்றே தொட்டாலும் அது உள்ளே விழுந்ததாகவே கருதப்படும். வெளியே விழுந்ததை ஐயமின்றிக் கண்டாலன்றி ‘அவுட்’ என்று சொல்லக்கூடாது. ஐயம் தோன்றின் அதன் பயன் எதிராளிக்கே. ‘எனக்குச் சரியாகத் தெரியவில்லை, இந்தப் புள்ளியை மீண்டும் ஆடுவோம்’ என்று கேட்கவும் இடமில்லை. தெரியவில்லை என்றால் பந்து உள்ளே விழுந்தது என்பதே பொருள். பார்வையாளரைச் சான்றுக்கு அழைத்தலும் ஆகாது. இரட்டையர் ஆட்டத்தில் இணையர் இருவருள் ஒருவர் ‘வெளியே’ என்றும் மற்றவர் ‘உள்ளே’ என்றும் கண்டால், அந்தக் கருத்து வேறுபாடே எதிரணிக்குப் புள்ளியாகும்.

ஒற்றையர் களம் 78 அடி நீளமும் 27 அடி அகலமும் உடையது. அதன் கடைக்கோட்டருகில் விரைந்து வரும் பந்து தரையைத் தொடும் நேரம் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவு. ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது, அணியின் வெற்றி தன் ஒரு புள்ளியைச் சார்ந்திருக்கும்போது, தோழர்கள் கம்பிவலைக்கு அப்பால் நின்று ஆரவாரிக்கும்போது, இருபது வயது இளைஞன் தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். திருக்குறளில் நடுவுநிலைமை என்றோர் அதிகாரம் உண்டு. அதனை வகுப்பறையில் நடத்துகிறோம்; ஐந்து மதிப்பெண் வினாவாகத் தேர்வில் கேட்கிறோம். ஒரு பிற்பகலில் பத்து முறையேனும் அதனைச் செய்து காட்ட வேண்டிய நெருக்கடி நம் தேர்வுத்தாளில் இல்லை.

பொய் சொல்வோரும் அங்கு உண்டு. இல்லை என்று நான் கூறவரவில்லை. சுற்றி வரும் நடுவருக்குத் தவறான தீர்ப்பை மாற்றும் உரிமை தரப்பட்டிருப்பதே அதற்குச் சான்று. ஆயினும் எதிராளி பொய் சொன்னால் என்ன செய்வது என்னும் வினாவுக்கும் மூன்று முடிகளில் விடை இருக்கிறது. அவன் தீர்ப்பு என் கையில் இல்லை. என் தீர்ப்பு என் கையில் இருக்கிறது.

ஆறாம் ஆட்டக்காரர்

இரு கல்லூரிகள் மோதும் போட்டியின் அமைப்பும் நோக்கத்தக்கது. மூன்றாம் பிரிவில் நெடுங்காலம் நிலவிய முறைப்படி, மூன்று இரட்டையர் ஆட்டங்களும் ஆறு ஒற்றையர் ஆட்டங்களும் நடைபெறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆக ஒன்பது புள்ளி. ஐந்து பெற்ற அணி வெல்லும். அணியில் வலிமை மிக்கவர் முதலிடத்தில் ஆடுவார்; அடுத்தவர் இரண்டாமிடத்தில்; இவ்வாறே ஆறாமிடம் வரை. வலியவரைக் கீழே இறக்கி எளிதாகப் புள்ளி திரட்டுவது விதிக்குப் புறம்பானது.

இதிலுள்ள கணக்கைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். முதலிடத்தவர் தேசிய வெற்றியாளராகவே இருப்பினும் அவர் ஒரு ஒற்றையர், ஒரு இரட்டையர் ஆக இரண்டு புள்ளிக்கு மேல் ஈட்ட இயலாது. இரட்டையர் புள்ளியிலும் பாதி தோழருடையது. எஞ்சிய மூன்று புள்ளிகள் வேறு களங்களிலிருந்து வந்தாக வேண்டும். ஆறாமிடத்தவர் ஆடுவது பெரும்பாலும் கடைசிக் களத்தில். பார்வையாளர் அங்குக் குறைவு. ஆனால் அவர் வென்று வரும் புள்ளியும் ஒன்றே; முதலிடத்தவர் வென்று வரும் புள்ளியும் ஒன்றே. நான்கிற்கு நான்கு என்று நிற்கும்போது, எல்லோரும் தம் ஆட்டத்தை முடித்துவிட்டு அந்தக் கடைசிக் களத்தின் ஓரத்தில் வந்து கூடுவர்.

எரிக் புடோராக் மின்னசோட்டாவின் ராச்செஸ்டர் நகரத்துப் பிள்ளை, இடக்கை ஆட்டக்காரர். கல்லூரி வாழ்வின் தொடக்கத்தில் அவர் சேர்ந்தது இந்தியானா மாநிலத்திலுள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். அது முதற்பிரிவு. ஓராண்டுக்குப் பின்னர் அதனை விட்டு, வில்கின்சனிடம் வந்து சேர்ந்தார். உலகியல் கணக்கின்படி இது மேட்டிலிருந்து பள்ளத்திற்கு இறங்கியதாகும். தொழில்முறை ஆட்டக்காரராக விரும்பும் எவரும் முதற்பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்கு வருவதில்லை. 2003இல் இரு பட்டங்களோடு வெளியேறிய பின்னரும், அப்பிரிவிலிருந்து வருபவர் உலக அரங்கில் நிலைப்பார் என்று எவரும் எதிர்பார்த்திருக்க இயலாது. ஒற்றையரில் அவர் பெரிதாக உயரவுமில்லை. ஆயின் இரட்டையரில் 2007 முதல் பட்டங்கள் வரத் தொடங்கின. முடிவில் அவை 18 ஆயின. சென்னையில் பெற்றது அவற்றுள் ஒன்று. 2014 ஆஸ்திரேலிய ஓப்பனில் தென்னாப்பிரிக்காவின் ரேவன் கிளாசனுடன் இணைந்து, முந்தைய ஆண்டு அப்பட்டத்தை வென்றிருந்த பிரையன் சகோதரர்களைத் தோற்கடித்து இறுதியாட்டம் வரை சென்றார். அதே ஆண்டு, ஆடவர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தம் அவையின் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தனர். அதற்குமுன் அப்பொறுப்பில் இருந்தவர் ரோஜர் ஃபெடரர். 2016இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

புடோராக்கை முன்னிறுத்தி இக்கல்லூரியைப் புகழ்வது எளிது. ஆனால் அது வில்கின்சனின் பாடத்தையே தலைகீழாக்கிப் படிப்பதாகும். 39 பருவங்களில் அவரிடம் ஆடியவர்களுள் தொழில்முறை அரங்கில் புகழ் பெற்றவர் மிகச் சிலர். ஏனையோர் படிப்பை முடித்து வேறு தொழில்களுக்குச் சென்றனர். வார இறுதியில் மட்டை எடுத்து ஆடுவோராயினர். அந்த 929இல் அவர்களுக்குள்ள பங்கை மேலே கூறிய ஒன்பது புள்ளிக் கணக்கே காட்டும்.

வில்கின்சனுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் இருப்பது 2008இல் தெரியவந்தது. சென்னையில் புடோராக் இரட்டையர் கோப்பையை ஏந்திய 2009 ஜனவரியில், செயின்ட் பீட்டரின் பனிக்கு நடுவே அவர் தம் கடைசிப் பருவத்திற்கு அணியை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அப்பருவத்தின் முடிவில் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து விலகினார். 2015 ஜனவரியில் தம் எழுபத்து மூன்றாம் அகவையில் மறைந்தார்.